ஏற்றம் யாருக்காக?

பெக்கோ ட்ரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று வளைந்து, உடப்புசல்லாவைப் பக்கமாக ஏறி நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். புதிதாக வெட்டிய பாதை அதில் அதிகமில்லை. கொழுந்து இறக்கவும் ஆட்களை மலைக்கு ஏற்றவும் துரைமார் காலத்தில் போட்ட தோட்டத்துப் பாதைகளைக் கோத்தெடுத்ததுதான் பெரும்பகுதி. அதன் கடைசிக் கட்டங்கள் கந்தப்பளைப் பக்கத்து மலைகள். அங்கே பிரட்டு என்ற காலைப் பெயர்ப்பதிவு முடிந்து கூடையோடு ஏறும் பெண்களும், முதுகுப்பையும் கைத்தடியுமாக ஏறும் வெளிநாட்டுக்காரரும் ஒரே பாதையில் ஒருவரையொருவர் கடந்துபோவார்கள். ஒருவருக்கு ஏறுவதற்குச் சம்பளம். மற்றவர் ஏறுவதற்காகக் காசு செலவழித்துக் கடல் கடந்து வந்திருக்கிறார்.

இரண்டு பேரின் தொடையும் செய்வது ஒரே வேலை. ஆனால் வீடு திரும்பும்போது ஒருவர் உடம்பு தேறியதாகச் சொல்கிறார், மற்றவர் உடம்பு உளைவதாகச் சொல்கிறார். உடற்பயிற்சியைப் பற்றி ஆராய்கிறவர்களை இந்த முரண் நெடுநாளாகத் தொந்தரவு செய்துவருகிறது.

கொழுந்து எடுப்பவரின் நாளைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டியாயிற்று. கூடையின் கயிறு நெற்றிக்கு மேல், உச்சந்தலையில் அழுந்துகிறது. இரண்டு கையும் செடியின் மேல் ஓடுகின்றன. கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிட்டு அடுத்த செடி. கால் நிற்பது சரிவில், பெரும்பாலும் ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்தும். நாள் சம்பளம் முழுதாகக் கிடைக்கப் பல தோட்டங்களில் 18 கிலோ அளவில் எடுக்க வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் கைக்காசு. நிறுவைக்குப் போனால் ஈரக் கொழுந்துக்கென்று ஒரு கழிவு. களைத்துப்போனால் உட்காரலாமா என்பதைக் களைப்பு முடிவு செய்வதில்லை, தராசு முடிவு செய்கிறது.

இது உடற்பயிற்சியா?

1953 இல் ஜெரி மொரிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் இதற்கு ஆமென்று சொல்லியிருப்பார். லண்டனின் இரண்டு தட்டு பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சாரதிகளையும், மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் நடத்துனர்களையும் அவர் ஒப்பிட்டார். நடத்துனர்கள் ஒரு வேலைநாளில் 500 முதல் 750 படிகள் ஏறினார்கள். சாரதிகளோடு ஒப்பிட்டால் அவர்களிடையே மாரடைப்பு கிட்டத்தட்ட பாதி. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதலில் எண்களால் காட்டிய ஆய்வு இது. அதிலிருந்துதான் 'உடம்பு அசைந்தால் போதும்' என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது.

அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்தது டென்மார்க்கில். அன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்பவரின் குழு 1,04,046 பேரைத் தொடர்ந்து கவனித்து 2021 இல் முடிவை வெளியிட்டது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதயநோயும் மரணமும் குறைந்திருந்தன, அது எதிர்பார்த்ததே. வேலையில் மிகக் கடுமையாக உடம்பை வருத்தியவர்களிடம் கதை தலைகீழ். உட்கார்ந்து வேலை செய்பவர்களைவிட அவர்களுக்குப் பெரிய இதயநோய் நிகழ்வுகள் 35 சதவீதமும், மரணம் 27 சதவீதமும் அதிகம். உடலுழைப்பின் முரண்புதிர் என்று இதைச் சொல்கிறார்கள்.

காரணம் என்ன? நடைக்குப் போகிறவர் அரை மணி நேரம் இதயத்தை வேகமாக ஓடவிட்டுப் பிறகு ஆறவிடுகிறார். உழைப்பாளியின் இதயம் எட்டு மணி நேரம் நடுத்தர வேகத்திலேயே ஓடுகிறது. இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்கு வேகமும் இல்லை, மீண்டெழும் அளவுக்கு ஓய்வும் இல்லை. சுமை தூக்குவதும் ஒரே நிலையில் குனிந்து நிற்பதும் இரத்த அழுத்தத்தை நாள் முழுக்க உயர்த்தியே வைக்கின்றன. எப்போது நிறுத்துவது, எவ்வளவு தூக்குவது என்ற முடிவும் அவர் கையில் இல்லை. கடுமையாக உழைப்பவர் ஏழையாகவும் இருப்பார், அந்த ஏழ்மைதான் ஆயுளைக் குறைக்கிறது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது, அதுவும் தோட்டப்புறத்தைப் பற்றிப் பேசும்போது. ஆனால் படிப்பு, வருமானம், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது என்பதுதான் டேனிஷ் ஆய்வின் பலம்.

மனம் இதில் எங்கே வருகிறது? 2007 இல் அலியா கிரம், எலன் லாங்கர் இருவரும் அமெரிக்காவில் ஏழு ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யும் 84 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரிடம் மட்டும், 'நீங்கள் படுக்கை விரிப்பதும் குளியலறை கழுவுவதும் நல்ல உடற்பயிற்சி' என்று சொல்லி விளக்கம் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் அவர்களுடைய எடை சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது, இரத்த அழுத்தத்தின் மேல் எண் 10 அளவுக்குக் குறைந்தது. பத்திரிகைகள் இந்தச் செய்தியைக் கொண்டாடின. இதே சோதனையைப் பிறகு வேறிடத்தில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. எனவே தோட்டத்து அம்மாவிடம் 'நீங்க செய்றதே எக்சசைஸ்தானே' என்று சொல்லிவிட்டுக் கைகழுவிவிட முடியாது. அப்படிச் சொல்வது துரைக்கு வசதியான அறிவியல்.

இதைவிடக் கெட்டியான ஆய்வு ஒன்று இருக்கிறது. எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971 இல் மாணவர்களுக்குப் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து விடுவிக்கச் சொன்னார். ஒரு பிரிவினருக்கு நடுவில் ஒரு நாள் மட்டும், விடுவித்த புதிருக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார். அடுத்த நாள் காசு நின்றதும், அந்தப் பிரிவினர் இடைவேளையில் கட்டைகளைத் தொடுவது குறைந்துபோயிற்று. காசே வாங்காதவர்கள் சும்மா இருந்த நேரத்திலும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். டெசியும் ரிச்சர்ட் ரயனும் இதிலிருந்து வளர்த்தெடுத்த கொள்கை இன்று உடற்பயிற்சி ஆய்வுகளின் அடித்தளங்களில் ஒன்று. ஊக்கம் நிலைக்க மூன்று வேண்டும் என்கிறார்கள்: இது என் விருப்பம் என்ற உணர்வு, இது எனக்குக் கைவருகிறது என்ற உணர்வு, இதில் எனக்குத் துணை இருக்கிறது என்ற உணர்வு.

கிலோக் கணக்கில் நடக்கும் நடையில் முதலாவது இல்லை. அதனால்தான் நாற்பது வருடம் மலை ஏறிய ஒருவர் வேலையை விட்ட மறுநாளே ஏறுவதை நிறுத்திவிடுகிறார். அதில் சோம்பல் எதுவுமில்லை. கால்கள் அவருடையவையாக இருந்தும் நடை இன்னொருவருடையதாக இருந்தது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் இதைப் பார்த்தோம். பெற்றோல் இல்லை, ஓட்டோ இல்லை, நாடே நடந்தது, சைக்கிள் மிதித்தது. எரிபொருள் வந்ததும் வேறு வழியில்லாமல் நடந்த நடையும் போய்விட்டது.

அதற்கு அடுத்த வருடம் வேறு மாதிரியான நடை ஒன்று நடந்தது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் 2023 ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் போய் முடிந்தது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்து, காட்டு வழியே நடந்து, மலைக்குச் சேருமுன்னே செத்து விழுந்த ஆயிரக்கணக்கானவர்களின் பாதை அது. ஆடி மாதத்து வன்னி வெயிலில் அதை நடந்தவர்கள் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்கள் இல்லை; மூத்தவர்களும் பெண்களும் இருந்தார்கள், வழியில் சேர்ந்து ஒரு துண்டு நடந்துவிட்டுத் திரும்பியவர்களும் இருந்தார்கள். எடை குறைப்பது அங்கே யாருக்கும் நோக்கமில்லை. டெசியும் ரயனும் சொன்ன மூன்றும் அங்கே ஒன்றாக இருந்தன.

எல்லோருக்கும் எல்லா நாளும் இப்படி ஒரு வரலாறு வாய்க்காது. ஆனால் துணை வாய்க்கும். கூட்டாக வெளியில் நடக்கும் குழுக்களைப் பற்றிய 42 ஆய்வுகளை, 1,843 பேரின் விவரங்களோடு, 2015 இல் சாரா ஹன்சனும் அன்டி ஜோன்ஸும் தொகுத்தார்கள். இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, உடற்கொழுப்பு, மனச்சோர்வு எல்லாம் குறைந்திருந்தன. அதைவிட முக்கியம், இடையில் நின்றுபோனவர்கள் குறைவு. ஜிம்முக்குப் பணம் கட்டியவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இதெல்லாம் கந்தப்பளைக்கு இப்போது ஏன் வேண்டும்? ஏனென்றால் தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று மலை ஏறுவதில்லை. கடை, பாடசாலை, தையல் ஆலை, கொழும்பு ஹோட்டல், ஓட்டோ என்று வேலை மாறிவிட்டது. உடம்பை வருத்திய உழைப்பு போனது நல்லதுதான், ஆனால் அதோடு அசைவும் போயிற்று. 2005-06 இல் எடுத்த நாடளாவிய ஆய்வில் இலங்கையின் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. 2018-19 இல் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு அதை 23 என்று காட்டியது. இரண்டும் வெவ்வேறு முறையில் அளந்தவை என்றாலும் போக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. தாத்தாவுக்குத் தேவைப்படாத ஒன்றைப் பேரன் இனி வேண்டுமென்றே செய்தாக வேண்டும். ஊக்கம் என்ற பிரச்சினை பிறப்பது இங்கேதான்.

மனவுறுதி வேண்டும் என்று அறிவுரை சொல்வார்கள். ஆய்வுகள் மனவுறுதிக்கு அவ்வளவு மதிப்பெண் கொடுப்பதில்லை. 2002 இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில் 248 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு தடவையாவது உடற்பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். இரண்டாம் பிரிவுக்கு இதயநோயைப் பற்றி நன்றாகப் பயமுறுத்தி, உடற்பயிற்சியின் அருமை பெருமைகளைப் படிக்கக் கொடுத்தார்கள்; 35 சதவீதம். பயமுறுத்தலால் ஒரு பிரயோசனமும் இல்லை. மூன்றாம் பிரிவுக்கு அதே பயமுறுத்தலோடு ஒரு தாளும் கொடுத்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதச் சொன்னார்கள். 91 சதவீதம்! 'இனிமேல் நடக்க வேண்டும்' என்பதற்கும் 'செவ்வாய் பின்னேரம் நாலரைக்குக் கோயில் சந்தியிலிருந்து தொழிற்சாலை வரை' என்பதற்கும் உள்ள தூரம் அது.

அப்படி எழுதி வைத்தது பழக்கமாக எத்தனை நாள்? 21 நாள் என்று ஒரு கதை உலவுகிறது, அதற்கு ஆதாரமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் பிலிப்பா லாலி 96 பேரைப் பின்தொடர்ந்தார். சாப்பாட்டோடு ஒரு பழம், இராச்சாப்பாட்டுக்கு முன் கால்மணி நேர ஓட்டம் என்று அவரவர் விரும்பிய ஒரு பழக்கம். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், ஒருவருக்கு 254 நாள் என்ற கணக்கு. உணவுப் பழக்கத்தைவிட உடற்பயிற்சிப் பழக்கம் வேரூன்ற அதிக நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பாதகமில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

விட்டுப்போன நாளைப் பற்றி இன்னும் சுவையான ஒன்று கேட்டி மில்க்மனின் ஆய்வில் வருகிறது. 2021 இல் வெளியான அந்த ஆய்வில் அமெரிக்க ஜிம் ஒன்றின் 61,293 உறுப்பினர்களிடம் 54 வகையான உத்திகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதி உத்திகள் வருகையைக் கூட்டின. எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்தது, ஒரு நாள் வராமல் போனவர் மறுபடி வந்தால் கொடுக்கும் சில சதப் பரிசு. தவறாமல் வருகிறவனைப் பாராட்டுவதைவிட, தவறியவன் திரும்பி வருவதைப் பாராட்டுவது பலன் தந்தது. எந்த உத்தி வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்லச் சொன்னபோது நிபுணர்களும் கோட்டைவிட்டார்கள். நான்கு வாரத் திட்டம் முடிந்த பிறகும் பலன் தெரிந்தவை மிகச் சில என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கந்தப்பளையில் நாள் தவறுவதற்குக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம். 1940களில் கைவிடப்பட்ட நானுஓயா - ராகலைச் சின்ன ரயில்பாதையில் கந்தப்பளை ஸ்டேஷன் 6,300 அடி அளவில் இருந்தது. இவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் கரையோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிலிருந்து வருகிறவர் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்குவது அவருடைய தொந்தியால் மட்டுமில்லை. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு. பழகியவர்களுக்கு அது பொருட்டில்லை. மழையும் பனிமூட்டமும் பொருட்டு. பாதையில் விளக்கில்லாதது பொருட்டு. மலைக்குள் போனால் குளவி, அந்திக்குப் பிறகு சிறுத்தை. விடியலில் ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, மலைக்குப் போய், திரும்பி விறகும் தண்ணியும் பார்க்கும் ஒரு பெண்ணிடம் 'உங்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள்' என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அவருக்கு முதலில் தேவை உட்காரும் அரை மணி நேரம். நீட்டி நிமிர்த்தி, முதுகையும் தோளையும் தளர்த்தும் பத்து நிமிடம் அவருக்கு இன்னொரு நடையைவிட உபகாரம்.

உட்கார்ந்து வேலை செய்பவருக்கோ மலை ஒரு கொடை, அதுவும் இரண்டு வழியிலும். ஒஸ்ட்ரியாவில் ஹைன்ஸ் ட்ரெக்சல் என்ற மருத்துவர் ஆல்ப்ஸ் மலையில் 45 பேரை இரண்டு மாதம் ஏறி மட்டும் நடக்கவிட்டார்; இறங்குவதற்குக் கேபிள் கார். அடுத்த இரண்டு மாதம் கேபிள் காரில் ஏற்றி, இறங்கி மட்டும் நடக்கவிட்டார். ஏறியபோது இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு குறைந்தது. இறங்கியபோது சீனியைக் கையாளும் திறன் தேறியது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. மூச்சு வாங்காது, ஆனால் தசைக்கு நல்ல வேலை. மூட்டுவலி இல்லாத, மூச்சுக்குப் பயப்படுகிற நடுவயதுக்காரர் பஸ்ஸில் மேலே போய் இறங்கி, லயத்துக்கு நடந்து வரலாம். அதுவும் நடைதான்.

எவ்வளவு நடக்க வேண்டும்? பத்தாயிரம் அடி என்ற எண் 1960களில் ஜப்பானில் ஒரு அடியெண்ணும் கருவியை விற்கக் கிளம்பியது, ஆய்வுக்கூடத்தில் பிறந்ததில்லை. ஐ-மின் லீ 2019 இல் சராசரி 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களைப் பார்த்தபோது, நாளுக்கு 4,400 அடியிலேயே மரண அபாயம் கணிசமாகக் குறைந்தது. 7,500க்கு மேல் போனாலும் கூடுதல் பலன் தெரியவில்லை.

சாப்பாட்டு விஷயம் இன்னும் கசப்பானது. கந்தப்பளை மரக்கறி ஊர். கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், கிழங்கு எல்லாம் இங்கிருந்து லொறி லொறியாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்குகின்றன. அந்த லொறிகள் கடந்துபோகும் லயங்களில் கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும் சாயத்தண்ணியும். 2016 இன் சனத்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். ரொட்டியைத் தின்கிறவர்களை அதற்காகக் குறை சொல்வதில் நியாயமில்லை. விடியற்காலையில் வேகமாகச் சுடலாம், கையில் கட்டிக்கொண்டு போகலாம், மத்தியானம் வரை கெடாது, வயிறு நிரம்பும், விலையும் அடங்கும். இத்தனை வசதியும் உள்ள உணவை அறிவுரையால் விரட்ட முடியாது. மாவோடு துருவிய கரட்டையோ அரிந்த லீக்ஸையோ வல்லாரையையோ பிசைந்து அதே ரொட்டியைச் சுடலாம். இருக்கிற பழக்கத்தின் மேல் ஒன்றை ஏற்றி வைப்பது புதுப் பழக்கம் தொடங்குவதைவிட லேசு.

அப்புறம் சீனி. ஒரு தேக்கரண்டி நாலைந்து கிராம். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 40 கிராமுக்குக் குறையாது. உலக சுகாதார அமைப்பு விரும்பும் அளவோ 25 கிராம் அளவில். ஒரேயடியாக நிறுத்தினால் தேத்தண்ணி கஷாயமாகிவிடும், மூன்றாம் நாள் டப்பா மறுபடி திறக்கும். அமெரிக்காவின் மொனெல் ஆய்வு நிலையத்தில் ஒரு குழுவினரின் உணவில் சீனியிலிருந்து வரும் கலோரியை 40 சதவீதம் குறைத்து மூன்று மாதம் வைத்திருந்தார்கள். முதல் மாதம் நாக்கில் மாற்றமில்லை. இரண்டாம் மாதம் தொடங்கி, கொடுத்த இனிப்பு முன்பைவிடத் தூக்கலாக இருப்பதாக அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். நாக்கு இறங்கி வரும், ஆனால் மாதக் கணக்கில். மாதத்துக்கு அரைக் கரண்டி குறைக்கிறவருக்குத்தான் அது கேட்கும்.

தேயிலை ஊரில் தேத்தண்ணியைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது, தேவையுமில்லை. நேரத்தை மாற்றினால் போதும். சாயத்தில் உள்ள டானின் வகைப் பொருட்கள், சாப்பாட்டில் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு அது பெரிய நட்டம். சாப்பாட்டோடு குடிக்கும் கோப்பையை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தாலே அந்த இடைஞ்சல் பெருமளவு குறைகிறது. மலையில் வேலை செய்பவருக்கு ரொட்டி நேரமும் தேத்தண்ணி நேரமும் ஒன்றாகத்தான் கிடைக்கிறது. கோப்பையை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை, பிரட்டுக்களத்தில் இருக்கிறது. வீட்டிலிருக்கும் இரவுச் சாப்பாட்டில் மட்டும் அது அவர் கையில்.